மாரி மழையிலும் நடையை விடாமல் இருக்க: கேள்வி பதில்

மட்டக்களப்பில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உடற்பயிற்சி, சாப்பாடு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சீனி வருத்தம், பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கல்லடி, வங்கி ஊழியர்: சேர், இரண்டு கிழமை நடப்பேன். ஒரு நாள் விட்டால் அப்படியே நின்றுவிடும். 21 நாள் செய்தால் பழகிவிடும் என்பது உண்மையா?

அந்த 21 நாள் கணக்கை விடுங்கள் தம்பி. லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப்பழக்கம் யோசிக்காமலே வருமளவுக்கு ஊற சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. இரண்டு கிழமையில் பழகவில்லை என்று மனம் உடைய ஒன்றுமே இல்லை. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே ஒரு நாள் விட்டவுடன் "எல்லாம் போச்சு, வாற மாதம் முதலாம் திகதி பார்ப்பம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த நாளே பத்து நிமிடமாவது நடவுங்கள்.

இன்னொன்று. வேலை விட்டு வந்ததும் சப்பாத்தை மாற்றிக்கொண்டு வாசலில் இருந்தே கல்லடிப் பாலத்தடிக்கு இறங்கிவிடுங்கள். உள்ளே போய் சாரத்தைக் கட்டிக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்தால் பிறகு எழும்ப மனம் வராது. கிழமைக்கு 150 நிமிட நடை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நாளுக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாள். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும்.

களுவாஞ்சிகுடி, ஆசிரியை: கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கை எல்லாம் வெள்ளம். நடை அதோடு சரி.

ரீச்சர், நம்ம பகுதியில் நிறையப் பேர் நடையை விடுவது இந்த மாரியில்தான். வருடா வருடம் வருகிற மழைதானே, முன்கூட்டியே ஆயத்தமாகலாம். புரட்டாதியிலேயே வீட்டுக்குள் செய்யும் பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு நாள் பழகிவிடுங்கள். ஆடாத கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கையை ஊன்றாமல் எழும்புங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இருங்கள். குதிக்கால் நிலத்தை விட்டு எழக்கூடாது. இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடப்பது ஐந்து நிமிடம். முழுவதையும் மூன்று சுற்று செய்தால் மழை நாளுக்குப் போதும். தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி எப்படியும் கிழமைக்கு இரண்டு நாள் தேவை, அதுவும் இதில் சேர்ந்துவிடும்.

நடக்க வேண்டும் என்ற வைராக்கியத்தில் வெறுங்காலோடு வெள்ளத்துக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். வெயில் காலத்தில், சூடான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஆறரைக்கு முன் நடந்து முடியுங்கள்.

செங்கலடி, விவசாயி: சோற்றை விட்டுவிட்டு குரக்கன் மட்டும் சாப்பிடவா?

தேவையில்லை அண்ணா. சோறு வளர்த்த ஆட்கள் நாம், திடீரென்று விட்டால் நாலாம் நாள் இரட்டிப்பாகச் சாப்பிடுவோம். கோப்பையில் போடும் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் கீரையும் மரக்கறியும் பாதிக் கோப்பைக்கு, பிறகு மீனோ பருப்போ கால்வாசி, மிச்ச இடத்துக்குத்தான் சோறு. எருமைத் தயிர் சாப்பிடுங்கள், மேலே போடும் சீனியை விடுங்கள்.

காத்தான்குடி, கடை உரிமையாளர்: நாள் முழுக்க கடையில் இருப்பு, அஞ்சாறு பிளேன்ரீ. நோன்பில் என்ன செய்வது?

காக்கா, ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். ஐந்து பிளேன்ரீக்கு இரண்டு கரண்டிப்படி 40 கிராம். 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது. ஒரேயடியாக நிறுத்தாமல், இந்தக் கிழமை ஒன்றரைக் கரண்டி, அடுத்த கிழமை ஒன்று என்று இறங்குங்கள். நாக்கு பழகிவிடும். நோன்பில் பேரீச்சம்பழம், கஞ்சியோடு திறந்து, பொரித்ததைக் குறையுங்கள். தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிக்கு நடந்தே போய் வாருங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் நோன்புக்கு முன்பே வைத்தியரைக் காணுங்கள்.

திருக்கோவில், இளைஞர்: இங்கே ஜிம் இல்லை.

கடற்கரை இருக்கிறது மகன். ஈர மணலில் நடவுங்கள், ஓடுங்கள்.

கல்முனை, இல்லத்தரசி: எனக்கென்று தனியாகச் சமைக்க ஏலாது.

தனியாகச் சமைக்கவே வேண்டாம் தங்கச்சி. உங்களுக்கு நல்லது பிள்ளைகளுக்கும் நல்லது. தேங்காய்க் கட்டிப்பாலைக் குறையுங்கள், மீனைப் பொரிக்கும் நாட்களில் சிலதைக் கறியாக்குங்கள். ஒருவருக்கு நாளுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. கருவாட்டுக் கறி என்றால் நன்றாகக் கழுவிவிட்டு, உப்பே போடாமல் முதலில் ருசி பாருங்கள். நடைக்கு அயல் வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். அவர் வாசலில் நின்று கூப்பிடும்போது மறுக்க மனம் வராது.

அக்கரைப்பற்று, சாரதி: மூன்று மாதமாக நடக்கிறேன், நிறை குறையவில்லை. விட்டுவிடவா?

விட வேண்டாம். தராசை மட்டும் நம்பாமல் தொப்புளைச் சுற்றி நாடாவால் அளந்து பாருங்கள். நம் ஆட்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. நிறை அசையாவிட்டாலும் பிரஷரும் சீனியும் நடையால் குறையலாம். 35 வயது தாண்டியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். வாகன ஓட்டம் இல்லாத ஒரு நாள் காலையில் போய் வாருங்கள்.