கலிபோர்னியா பள்ளி வாரியச் சங்கத்தில் வட்டார இயக்குநர் ஆவது எப்படி?

கலிபோர்னியாவில் உள்ளூர்ப் பள்ளிகளை நடத்துபவை மக்கள் தேர்ந்தெடுத்த வாரியங்கள். அவற்றின் மாநிலச் சங்கம் 21 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. வட்டாரத்துக்காகச் சங்கத்தின் இயக்குநர் குழுவில் பேசுபவரே வட்டார இயக்குநர்.

ஏன் வட்டாரம்? லாஸ் ஏஞ்சலஸின் குரல் மட்டுமே ஒலித்தால், வடகோடி மோடாக்கில் பிள்ளைகள் பள்ளிக்கு நெடுந்தூரம் போகும் கஷ்டத்தை யார் எடுத்துச் சொல்வது? இது மிக நியாயமான ஏற்பாடு.

முதல் படி, சங்கத்தின் பிரதிநிதிகள் சபையில் வட்டாரத்தின் பிரதிநிதி ஆவது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் வாரியங்கள்தான் ஓட்டுப் போடும்: உறுப்பினர்கள் கூடி முடிவெடுத்து, வாரியத்துக்கு ஒரே வாக்குச்சீட்டு அனுப்புவார்கள். அந்தப் பிரதிநிதிகள் இயக்குநரைத் தேர்ந்தெடுப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து கூட்டமைப்புக்கு ஆள் அனுப்புவதுபோல.

பலர் நினைப்பதற்கு மாறாக, வட்டார இயக்குநர் வட்டாரப் பள்ளிகளுக்கு மேலதிகாரி அல்ல. எந்த வாரியத்துக்கும் உத்தரவு போட முடியாது.