கதண்டு கொட்டினால் அவில் மாத்திரை போதுமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தென்னையில் மட்டை கழிக்க ஏறிய என் கணவரைக் கதண்டுக் குளவி கொட்டிவிட்டது. கால்மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மி, மயங்கிவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். ஒவ்வாமைக்கான அவில் ஊசி அதற்குப் பிறகுதான். பிழைத்துக்கொண்டார். இனி வீட்டில் அவில் மாத்திரை வைத்திருந்தால் போதுமா?

பதில்: போதாது, அம்மா. தொடையில் போட்டது அட்ரினலினாகத்தான் இருக்கும். அவரைக் காப்பாற்றியதும் அதுதான்.

கடுமையான ஒவ்வாமையில் உடம்பு ஹிஸ்டமினோடு வேறு பல வேதிப்பொருள்களையும் ஒரேயடியாக இறைத்துவிடுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது. அவில் மறிப்பது ஹிஸ்டமினை மட்டும். அரிப்பும் தடிப்பும் அடங்கும். அடைத்த மூச்சு திறக்காது, விழுந்த அழுத்தம் எழாது. மாத்திரை வேலையைத் தொடங்கவே அரைமணிக்கு மேல் ஆகும். போதாக்குறைக்குத் தூக்கம் வேறு வரும். ஆள் தூங்குகிறாரா, மயங்குகிறாரா என்று பக்கத்தில் இருப்பவர் திணற வேண்டியதுதான். தடிப்பு மறைந்ததைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குக் கிளம்புகிறார்களே, எனக்கு அதுதான் பெரிய பயம். சில மணி நேரம் கழித்து எல்லாம் திரும்பவும் வரலாம்.

அட்ரினலின் ஒரு மில்லி கண்ணாடிக் குப்பியில் வரும். பெரியவர்களுக்கு அதில் பாதி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் முதற்கட்ட சிகிச்சையிலிருந்து அவில் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை எடுத்தேவிட்டது. அரிப்புக்கு அவற்றைப் பிறகு நிதானமாகக் கொடுக்கலாம்.

மறுபடி கொட்டினால் சுண்ணாம்பு தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கலாம். நடக்க விடாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி பைக்கில் இருவருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோவது, சரிந்த அழுத்தத்தை இன்னும் சரிக்கும். ஒவ்வாமை இல்லாதவரும்கூடப் பல கொட்டுகள் வாங்கியிருந்தால் மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒவ்வாமை மருத்துவர் ஒருவரைப் பார்த்து, வீட்டில் அட்ரினலின் வைத்துக்கொள்வது பற்றியும், உங்களில் யார் அதைப் போடப் பழகுவது என்பது பற்றியும் கேளுங்கள். அந்தத் தென்னையில் கூடு இன்னும் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். வந்து அழித்துத் தருவார்கள். பந்தம் கொளுத்திக்கொண்டு வீட்டில் யாரும் மரமேற வேண்டாம்.