கண்ணைக் கட்டுகிற நிகழ்ச்சி வேண்டாம், தங்கச்சி

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்கவிடலாமா, செயற்கைக் காலோடு வரும் உங்கள் தோழிக்கு மனம் நோகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோகக்கூடும். பத்து நிமிடம் தடுமாறுகிற பிள்ளைக்குப் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும், மரியாதை வராது.

என் சித்தப்பாவுக்கு 2009இல் வலது கால் போனது. கிளிநொச்சியில் கடைக்குப் போனால், அவர் பக்கத்தில் நிற்கும்போதே "இவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறதோ?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர் முகம் சுருங்கிப் போகும். அதையே சின்ன நாடகமாகப் போடுங்கள். ஆளைப் பார்த்துக் கதைக்க வேண்டும், பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும்.

பிறகு ஓர் அளவுநாடாவோடு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வாருங்கள். சாய்வுப்பாதை என்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். மலசலகூட வாசல், கிறவல் முற்றம், தண்ணீர்க் குழாய் எல்லாம் பாருங்கள். குறைகளை எழுதி அதிபரிடம் கொடுங்கள். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதையும் குறிப்பிடுங்கள்.

எதற்கும் முதலில் தோழியிடம் தனியாகக் கேளுங்கள். மேடைக்கு வர விருப்பமில்லை என்றால் சரி, விட்டுவிடுங்கள்.