அரைநாள் வேலைக்குப் போனால் கொடுப்பனவு நின்றுவிடுமா?

கேள்வி: எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு எடுக்கிறேன். பரந்தனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் காலையில் நாலு மணித்தியால வேலை வந்திருக்கிறது. போனால் காசை வெட்டிவிடுவார்கள் என்று அம்மா பயப்படுகிறார். ஒருவருக்கும் சொல்லாமல் போகட்டுமா அக்கா?
– வாசகர், விசுவமடு

பதில்: வேலைக்குப் போங்கள் தம்பி. ஒளித்துப் போக மட்டும் வேண்டாம்.

நானும் பொய்க்காலோடு நடக்கிறவள்தான். புதுக்குடியிருப்பில் ஒரு தையல் கடையில் அரைநாள் வேலைக்குச் சேர்ந்தபோது உங்களைப் போலவே பயந்து வாய் திறக்காமல் இருந்தேன். எட்டாம் மாதம் யாரோ மொட்டைக் கடிதம் போட, கொடுப்பனவு நின்றது. என் சம்பளம் பஸ்ஸுக்கும் அரிசிக்கும்தான் கண்டது. முதலே சொல்லியிருந்தால் கந்தோரில் விளங்கிக்கொண்டிருப்பார்கள். மறைத்தவள் என்ற பேரோடு போய் நின்றதால் ஐந்து மாதம் அலைந்துதான் திரும்ப எடுத்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வரக்கூடாது.

இந்தக் காசு வருமானம் குறைந்த குடும்பத்து மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது. ஆகவே உங்கள் வீட்டு வருமானம் எவ்வளவு என்பதுதான் அங்கே பேச்சாக வரும். நாள், மணித்தியாலம், சம்பளம் மூன்றையும் முதலாளியிடம் எழுதி வாங்குங்கள். விதானையாரை (கிராம உத்தியோகத்தரை) கண்டு சொல்லிவிட்டு, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கடிதமாகக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள். வீட்டில் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் காசும் எடுக்கிறீர்கள் என்றால் அதையும் அன்றைக்கே கேளுங்கள். அது வேறு கணக்கு, வீட்டு நிலையை 22 குறிகாட்டிகளை வைத்துப் பார்ப்பது.

அப்புறம், அரைநாள் வேலைக்கும் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஓய்வுக்காலத்துக்குச் சேரும் காசு, உண்டு. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி போட வேண்டியது 12 வீதம். "அரைநாள்தானே தம்பி" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. போட்டோக்கொப்பி மெசினுக்கு முன்னால் நின்றபடிதான் வேலை. உயரமான ஸ்டூல் ஒன்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நம்முடைய வெயிலில் பொய்க்காலுக்குள் வேர்வை ஊறி, வெட்டிய முனையில் தோல் உரியும். புண் வந்தால் கிழமைக்கணக்கில் பொய்க்காலைப் போடவே முடியாது. பருத்திக் காலுறை ஒன்று மேலதிகமாகப் பையில் கொண்டுபோய், பத்து மணிக்கு ஈரத்தைத் துடைத்துவிட்டு மாற்றுங்கள்.