வரியை விடத் தண்டல்தான் அதிகம் தின்கிறது

கேள்வி: திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. கைக்கு 18,000 வரும். 12 லட்சம் வரை வரி இல்லையாம். எனக்கு அதில் என்ன? முதலாளி சோப்புக்கும் ரீசார்ஜுக்கும் கட்டும் அதே வரியைத்தான் நானும் கட்டுகிறேன். 10,000 ரூபாய்த் தண்டல் (தினவசூல் கடன்) இரண்டு ஓடுகிறது. எழுபது நாள் ஆனதும் புதுப்பித்துவிடுவேன். அடுத்த மாதம் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீருக்கு மூன்றாவது தண்டல் எடுக்கலாமா, நண்பர் சொல்கிறபடி பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங்கில் இறங்கலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். 2025 பட்ஜெட் சலுகை, ஏற்கெனவே வருமான வரி கட்டிவந்தவர்களுக்கு. 2019-ல் மற்ற சலுகைகளை விட்டுக்கொடுத்த கம்பெனிகளுக்கு வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆனது. உங்கள் ரீசார்ஜுக்கு இன்னும் 18தான். 299 ரூபாயில் 45 ரூபாய் வரி, யார் போட்டாலும்.

சரி, அந்த வரி மாதம் எவ்வளவு? இரண்டு போன், 1,000 ரூபாய் பெட்ரோல், கடைச் சாமான் எல்லாம் சேர்த்து 600 பக்கம் வரும்.

இப்போது தண்டல். 10,000 என்று பேசி 8,500 தருகிறார். தினம் 100 வீதம் நூறு நாள். நீங்கள் எழுபதாவது நாளில் புதுப்பிக்கிறீர்கள். பாக்கி 3,000, புதுப் பிடித்தம் 1,500 போகக் கையில் 5,500. அதாவது எழுபது நாளைக்கு ஒருமுறை 1,500. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 1,280! அரசாங்கம் எடுப்பதைப் போல இரண்டு மடங்கு. அரசாங்கத்தைத் தேர்தலில் கேட்கலாம். தண்டல்காரரிடம் புதுப்பிக்கச் சொல்லி நிற்பது நீங்கள்தான்.

நகையை வைத்துத் தண்டலை உடனே அடைக்கச் சொல்வார்கள். வேண்டாம். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்; முன்னதாகக் கட்டினாலும் ஒரு பைசா குறையாது. இரண்டையும் நூறாவது நாள் வரை ஓடவிட்டு முடியுங்கள். அதுவரை வீட்டுச் செலவு இடிக்கும். மனைவியின் கம்மலை வங்கியில் வைத்து 10,000 வாங்குங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 85 ரூபாய்க்குள். தண்டல் முடிந்ததும் தினம் 200 மிச்சம். இரண்டே மாதத்தில் கம்மல் வீட்டுக்கு வந்துவிடும்.

சீருக்கு ஒரு புடவை, பழத்தட்டு, 1,001 மொய். தங்கை முகம் சுளித்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அந்த 200 ரூபாயை அவர் கட்டப்போவதில்லை.

ஆப்ஷன் பேச்சையே எடுக்காதீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். உங்கள் நண்பர் லாபம் வந்த நாளை மட்டும்தான் டீக்கடையில் சொல்வார்.

அப்புறம், சம்பளச் சீட்டில் பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. உங்கள் உரிமை. பி.எப். பிடித்தால் பாஸ்புக்கைத் திறந்து, ஒப்பந்ததாரர் பணத்தைக் கட்டியிருக்கிறாரா என்று மாதாமாதம் பாருங்கள். கட்டவில்லை என்றால் பி.எப். அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.