சைப்ரஸ் நுனி காய்கிறது: இலையை ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில் கேரட் தோட்டம். காற்றுக்குத் தடுப்பாக வைத்த சைப்ரஸில் ஏழெட்டு மரங்களில் கிளைகள் செம்பழுப்பாகக் காய்கின்றன; பட்டையில் பிசின் வடிகிறது. மூலக்கூறு ஆய்வில் நோய் தெரிந்துவிடும் என்கிறார்கள். இலை அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. முதலில் கத்தியை எடுங்கள்.

மூலக்கூறு ஆய்வு என்று சொல்வதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. ஒன்று, மரம் தற்காப்புக்காகச் சுரப்பவை: பிசினில் டெர்பீன்கள் என்ற வாசனை வேதிப்பொருட்கள், பூஞ்சையின் செல்சுவரை உடைக்கும் கைட்டினேஸ் நொதி. இவை கூடினால் மரம் அடிபட்டிருக்கிறது என்று தெரியும். அடித்தது யார் என்று தெரியாது. பூஞ்சை, வண்டு, அரிவாள் வெட்டு எல்லாவற்றுக்கும் மரம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது. ஐரோப்பிய ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் மீது, அடிபட்டதைச் செடிக்குள் அறிவிக்கும் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருளைத் தெளித்தால், காயமே படாத மரத்திலும் புதிய பிசின் குழாய்கள் உருவாகின்றன. அதனால் பிசினைப் பார்த்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று, கிருமியின் டிஎன்ஏவையே பிசிஆரில், அதாவது டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனையில் தேடுவது. இதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஜப்பானிலும், 1999 முதல் போர்ச்சுகலிலும் பைன் மரங்களைக் கொல்லும் நூற்புழுவுக்குத் தீங்கு குறைந்த நெருங்கிய உறவுப் புழு ஒன்று உண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரிப்பது சிரமம், டிஎன்ஏ பிரித்துவிடும். (அங்கே ஊசியிலை மஞ்சளாகும் முன்பே பிசின் நின்றுவிடும். உங்கள் கதை நேரெதிர்.)

சரி, உங்கள் மரம். பிசின் வடியும் இடத்தில் பட்டையைச் சீவுங்கள். உள்ளே செம்பழுப்புத் திட்டும், பச்சைப் பகுதியோடு தெளிவான எல்லையும் தெரிந்தால் சைப்ரஸ் சொறிநோய், அதாவது செய்ரிடியம் பூஞ்சை என்று சந்தேகிக்கலாம். செத்த பட்டையில் குண்டூசித் தலை அளவு கரும்புள்ளிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இலையில் கரும்பூசணமும் எறும்பும் இருந்தால் அசுவினி என்ற சாறுறிஞ்சிப் பூச்சி. உள்பக்கத்துப் பழைய இலை மட்டும் உதிர்ந்தால் கவலை வேண்டாம்.

சொறி என்று பட்டால், செத்ததும் பச்சையும் சேரும் இடத்தில் பட்டையோடு துண்டு வெட்டி, காகித உறையில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் காட்டுங்கள். முழுக்கக் காய்ந்த குச்சி உதவாது; அதில் பின்னால் வந்து குடியேறிய பூஞ்சைதான் அகப்படும். டிஎன்ஏ சோதனை தேவையா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அப்புறம், இந்தச் சொறிக்கு மருந்தடித்துப் பயனில்லை. மழையில்லாத நாளில், திட்டுக்குக் கீழே நல்ல கட்டை தெரியும்வரை கிளையை வெட்டி எரியுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் இடையே கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். அடிமரத்தையே சொறி சுற்றி வளைத்திருந்தால் அந்த மரத்தை எடுத்துவிடுங்கள்.