குறைந்த பட்ஜெட்டில் குங்ஃபூ படம் எடுத்தவர்களுக்குத் தரத்தில் அக்கறை இருந்ததா?

இருந்தது, ஆனால் சண்டையில் மட்டும். கல்யாணத்தில் பந்தியைக் குறையில்லாமல் கவனித்துவிட்டு, பந்தலை மறந்துவிட்டது மாதிரி.

1970களில் ஹாங்காங்கின் பெரிய பட நிறுவனமான ஷா பிரதர்ஸ், தன் வளாகத்துக்குள்ளேயே கோட்டை, கடைத்தெரு என்று செட் போட்டு வைத்திருந்தது. ஹாங்காங்கிலும் தைவானிலும் இருந்த சின்னத் தயாரிப்பாளர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் படங்களில் பகையாளிகள் ஏன் எப்போதும் ஆளில்லாத புல்வெளியிலேயே சந்திக்கிறார்கள் என்று கதைக்குள் காரணம் தேட வேண்டாம். வாடகை கிடையாது, அவ்வளவுதான். படப்பிடிப்பில் ஒலி பதிவாகாது, எல்லாம் பிற்பாடு டப்பிங். பின்னணி இசையை வேறு படங்களிலிருந்து கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்வதும் சகஜம்.

அதே ஆட்கள் சண்டை என்று வந்தால் வேறு மாதிரி. தைவானின் ஜோசப் குவோ 1979இல் எடுத்த 'மிஸ்டரி ஆஃப் செஸ் பாக்ஸிங்' படத்தைப் பாருங்கள். கதை பழைய பழிவாங்கல் கதைதான். ஆனால் கடைசியில் குருவும் சீடனும் சேர்ந்து வில்லனோடு மோதும் சண்டையில் அடி, தடுப்பு, திருப்பம் எல்லாம் கோத்த மாதிரி வரும். கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டும். இப்படி எடுத்தால் தெரியாத ஆளைத் தெரிந்தவன்போல் காட்ட முடியாது. குவோவின் '7 கிராண்ட்மாஸ்டர்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தவர்களில் ஒருவரான கோரி யுவென், ஜாக்கி சான் படித்த அதே பீக்கிங் ஓபரா (பாட்டோடு கரணமும் சண்டையும் கலந்த சீன மேடைக்கலை) பள்ளியில் சிறுவயதிலிருந்து உடம்பைப் பழக்கியவர். செட் வாங்கப் பணம் வேண்டும். இந்தத் திறமைக்கான விலையை அவர்கள் சின்ன வயதிலேயே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, நாம் 'மட்டமான படம்' என்று சொல்வது பல சமயம் மட்டமான பிரதியைத்தான். அகலத்திரைக்காக எடுத்ததை வீடியோ கேசட்டுக்காக இரண்டு பக்கமும் வெட்டினார்கள். உதைப்பவர் தெரிவார், உதை வாங்குபவர் திரைக்கு வெளியே போயிருப்பார். பழி இயக்குநர் தலையில்.

சரி, அக்கறையே இல்லாதவர்கள் இல்லையா? தாராளமாக இருந்தார்கள். 1980களில் நிஞ்ஜா (முகம் மறைத்த ஜப்பானிய ரகசியப் போர்வீரர்) மோகம் வந்தபோது ஹாங்காங்கின் ஐஎஃப்டி நிறுவனம் ஆசிய நாடுகளின் பழைய படங்களை மலிவாக வாங்கி, நடுவில் நிஞ்ஜா காட்சிகளைச் செருகி, ஆங்கிலத்தில் டப் செய்து புதுப்படமாக விற்றது. அமெரிக்க நடிகர் ரிச்சர்ட் ஹாரிசன் ஒரு சில படங்களுக்கென்று நடித்துக் கொடுத்த காட்சிகள், அவர் ஒப்புக்கொள்ளாத ஏகப்பட்ட படங்களுக்குள் போய்ச் சேர்ந்தன. 'நிஞ்ஜா டெர்மினேட்டர்' படத்தில் அவர் கார்ஃபீல்ட் என்ற கார்ட்டூன் பூனை வடிவத் தொலைபேசியில் மிகத் தீவிரமாகப் பேசுவார். சிரிக்காமல் பார்த்தவர் எவரும் இருக்க முடியாது.

இவற்றை இயக்கிய காட்ஃப்ரே ஹோ தொழில் தெரியாதவர் இல்லை. ஷா பிரதர்ஸில் பெரிய இயக்குநர் சாங் சேயிடம் உதவியாளராக இருந்தவர். ஆனால் வீடியோ கடைக்குத் தேவைப்பட்டது அட்டையில் ஒரு நிஞ்ஜா. கேசட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது காசு கொடுத்த பிறகுதானே தெரியும்! குவோவின் படமோ தியேட்டரில் ஓடியாக வேண்டும், சண்டை சொதப்பினால் மறுநாள் கூட்டம் வராது. இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

பார்க்க ஆசை இருந்தால் குவோ படத்தில் ஆரம்பியுங்கள், அகலத்திரைப் பிரதியாகத் தேடி. நிஞ்ஜா படங்களுக்கு நாலு நண்பர்கள் கூட இருந்தால் நல்லது.